மீண்டும் விரலை வைக்கவும்

கல்லூரியிலிருந்து அந்தச் செய்தி வந்த நேரத்தில் லாண்டரியம்மாவுக்குக் கை ஒழியவில்லை. பிழியும் மெஷின் காலையிலேயே மக்கர் பண்ணிவிட்டது. மழையோ இன்றைக்கு விடுவதாக இல்லை. ஓட்டல்காரருக்கு மதியத்துக்குள் மேசைத் துணி போயாக வேண்டும் என்பதால், அவள் ஒரு முனையும் புருஷன் மறுமுனையுமாகப் பிடித்து, எதிரும் புதிருமாக முறுக்கித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்கள். அலமாரி மேலிருந்து போன் கூவியது.

"போய்ப் பாரு. ஏதாவது ஆர்டரா இருக்கும்" என்றான் புருஷன்.

கொதிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றாலும் சட்டை மடிப்புக் கலையாத ஆள் அவன். அதனாலேயே தெருவில் அவனுக்கு மடிப்பு என்று பேர். கோபத்திலும் அப்படித்தான். எத்தனை ஏசினாலும் ஒரு சுருக்கம் விழாது. அந்த வீட்டுக்கு வேண்டிய கோபத்தையெல்லாம் லாண்டரியம்மா ஒருத்தியே பட வேண்டியிருந்தது.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். 'தங்கள் மகளின் வருகைப்பதிவு, விதியில் சொல்லப்பட்ட அளவைவிடக் குறைவாக உள்ளது. இறுதித் தேர்வு எழுத அனுமதி இல்லை. பெற்றோர் முதல்வரை நேரில் சந்திக்கவும்.'

இரண்டு தடவை படித்தாள். பிறகு சத்தம் போட்டுப் புருஷனுக்குப் படித்துக் காட்டினாள்.

"வேற யாருக்கோ வர்றது நமக்கு வந்திருக்கும்" என்றான் மடிப்பு. "நம்ம பொண்ணு ஒரு நாள் காலேஜுக்குப் போகாம இருந்திருக்காளா?"

இருந்ததில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறாள். கொதிதண்ணீர் காலில் பட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். கடைசி வருஷம். இந்தத் தேர்வை எழுதி முடித்தால் துணி ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை தருவதாக நேர்முகத்தில் சொல்லியிருந்தார்கள். தேர்வு எழுதாவிட்டால் அந்த வேலை அவளுக்காகக் காத்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

மகள் சாயங்காலம் நனைந்துகொண்டு வந்தாள். பையை மாட்டக்கூட விடாமல் லாண்டரியம்மா போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது என்னடி?"

மகள் படித்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதைப் பார்த்ததும் லாண்டரியம்மாவுக்குச் சுருக்கென்றது.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"வரும்னு தெரியும்."

"காலேஜுக்குப் போறேன்னு சொல்லிட்டு எங்கடி போற?"

"காலேஜுக்குத்தாம்மா போறேன். வேற எங்கேயாவது போக எனக்கு ஏது நேரம்?" மகள் ஈரத் தலையோடு இஸ்திரி மேசை ஓரத்தில் சாய்ந்துகொண்டாள். "வாசல்ல ஒரு மெஷின் மாட்டியிருக்காங்க. இந்த வருஷம்தான் வந்தது. கட்டைவிரலை வெக்கணும். பச்சை வந்தா வந்தாச்சுன்னு அர்த்தம். சிவப்பு வந்தா, 'மீண்டும் விரலை வைக்கவும்'னு ஒரு பொம்பளைக் குரல் சொல்லும். எனக்கு முக்காவாசி நாள் சிவப்புதான்."

"மறுபடியும் வெக்க வேண்டியதுதானே?"

"ரெண்டு மூணு தடவை வெப்பேன். அதுக்குள்ள பின்னாடி நிக்கிறவங்க கத்துவாங்க. ஒருத்தர் மட்டும் போற மாதிரி கம்பி போட்டிருக்காங்கம்மா அங்க. வாட்ச்மேன், 'தள்ளி நில்லும்மா, மத்தவங்க போகட்டும்'பார். தள்ளி நிப்பேன். எல்லாரும் போய் முடியறதுக்குள்ள மணி அடிச்சிடும். மணி அடிச்சப்புறம் பச்சை வந்தாலும் செல்லாது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வகுப்புல போய் உக்காருவேன். எல்லா நாளும் உக்காந்துதான் இருந்தேன்."

"பாடம் நடத்தறவருக்குக் கண்ணு தெரியாதா?"

"தெரியும். நல்லா பார்ப்பார். கேள்விகூடக் கேப்பார். ஆனா இப்பல்லாம் அவர் எழுதறதில்ல. மெஷின் எழுதினதுதான் கணக்கு."

லாண்டரியம்மாவுக்குக் காது மடல் சுட்டது. "இத்தனை நாளா இதை ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ வந்து சண்டை போடுவ."

மடிப்பு சிரிக்கப் பார்த்து, பெண்டாட்டி முகத்தைக் கண்டு அதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.

"சில நாள் நெஜமாவே லேட்டுதாம்மா" என்றாள் மகள், தன் பங்கை மறைக்காமல். "காலேஜ் விடுதிக்குத் துணி போடற நாள்ல. அந்த விடுதிக்காரம்மா ஒவ்வொரு விரிப்பா எண்ணி வாங்கறதுக்குள்ள மணி அடிச்சிடும். அதை நான் ஒண்ணும் சொல்லல. ஆனா மத்த நாளெல்லாம் நான் வாசல்லதான் நின்னுக்கிட்டு இருந்தேன்."

மடிப்பு எழுந்து வந்து மகளின் வலது கையைப் பிடித்து விளக்குக்கு நேரே தூக்கினான். துணி நைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான் அல்லவா, அதே பார்வை. கட்டைவிரல் நுனி வழவழவென்று இருந்தது. நடுவில் தோல் உரிந்து, ஓரத்தில் வெள்ளையாக வெடித்திருந்தது. ரேகை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை.

அது எப்படித் தேய்ந்தது என்று அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. லாண்டரியின் பின்பக்கம், ஜன்னலை ஒட்டிக் கறை மேசை இருக்கிறது. தொட்டிக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு துணியும் அந்த மேசை வழியாகத்தான் போகும். மையா, தேநீரா, ரத்தமா, எண்ணெயா என்று பார்த்து, அதற்குத் தக்க மருந்தைத் தடவிக் கட்டைவிரலால் தேய்க்க வேண்டும். துணைக்கு இருந்த ஆள் இரண்டு வருஷத்துக்கு முன் வேறு வேலைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து கறை மேசை மகளுடையது. விடிவதற்கு முன்பே எழுந்து தேய்ப்பாள், பிறகு குளித்துவிட்டு ஓடுவாள், சாயங்காலம் வந்து மறுபடியும் தேய்ப்பாள். கையுறை வாங்கிக் கொடுத்தார்கள். போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி எறிந்தாள். கையுறைக்குள் இருக்கிற விரலுக்குத் துணி எப்போது நைகிறது என்பது தெரியாது. கறை போகும், கூடவே துணியும் போகும்.

படிப்பதும் வேதியியல். "வீட்டுல தேய்ச்சது போதாதுன்னு கறையைப் பத்தி காலேஜ் வேற போய்ப் படிக்கிறா" என்று லாண்டரியம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேலி பண்ணுவாள். அந்தக் கேலியில் இருந்த பெருமை வந்து போகிறவர்களுக்கும் தெரியும்.

மறுநாள் இரண்டு பேரும் நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு முதல்வரைப் பார்க்கப் போனார்கள். மகள் கூடவே நின்றாள். முதல்வர் கெட்ட ஆள் மாதிரி இல்லை. உட்காரச் சொன்னார். பேசுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் நாற்காலி முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்தது. லாண்டரியம்மா அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். விடுதித் துணியோடு வாராவாரம் வருகிற துண்டு. தலை படுகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். அதை எடுக்கிறது மகளின் கட்டைவிரல்.

"ஒருத்தனுக்கு இன்னொருத்தன் 'உள்ளேன் ஐயா' சொல்லிட்டிருந்த காலம்லாம் இருந்ததும்மா" என்றார் முதல்வர். "பாதி வகுப்பு காலி. கணக்குல எல்லாரும் இருப்பாங்க. அதைச் சரிபண்ணத்தான் மெஷின் வெச்சோம். மெஷினுக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்க கிடையாது."

"அவ வந்திருக்கா சார். அது அவ விரலைப் படிக்க மாட்டேங்குது."

"ஆயிரம் பேரைப் படிக்குது. இவங்க ஒருத்தரை மட்டும் படிக்காதா?"

"லேட்டு வந்த நாள்கூட உங்க விடுதிக்குத் துணி கொடுக்க வந்ததுதான் சார். இங்கதான், உங்க காம்பவுண்டுக்குள்ளதான் நின்னா."

"வளாகத்துக்குள்ள இருக்கறதும் வகுப்புல இருக்கறதும் ஒண்ணு ஆகாதும்மா."

லாண்டரியம்மா நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மடிப்பு அவள் காலை மேசைக்கு அடியில் மெதுவாக மிதித்தான். பேசாதே என்று அர்த்தம்.

முதல்வர் நாள்காட்டியைப் பார்த்தார். "தேர்வு எழுதறவங்க பட்டியல் அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை போகுது. ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. அந்த மெஷினை இங்கேயே கொண்டுவரச் சொல்றேன். என் கண்ணு முன்னாடி விரலை வெக்கட்டும். அதுல தெரிஞ்சிடும்."

"ரொம்ப நன்றி சார்" என்றான் மடிப்பு, கை கூப்பாத குறையாக.

இங்கேதான் அவர்கள் அந்தத் தப்பைப் பண்ணினார்கள். வேறு தொழில்காரர்களாக இருந்தால் பண்ணியிருக்க மாட்டார்கள். லாண்டரிக்காரர்களுக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. கறையோடு ஒரு துணி வாடிக்கையாளர் கைக்குப் போகக் கூடாது. என்ன கறை, எப்படி வந்தது, யார் பண்ணியது என்பதெல்லாம் அவர்கள் கேட்கிற கேள்வி இல்லை. எடுக்க வேண்டும், மடிக்க வேண்டும், கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஒரு விரலைக் காட்ட வேண்டும் என்றதும் மூன்று பேருக்கும் வந்த எண்ணம் ஒன்றுதான். விரலைச் சரிபண்ணிவிட வேண்டும். பெரிய மனிதர் முன்னால் அது பளிச்சென்று பதிய வேண்டும்.

"நீ இனிமே தண்ணியில கைவெக்காத" என்றான் மடிப்பு வீட்டுக்கு வந்ததும். "கறை மேசை பக்கமே வராத. நான் பார்த்துக்கறேன்."

"நீங்களா?" என்றாள் மகள்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலிருந்து நான்தான் தேய்ச்சுக்கிட்டிருந்தேன்."

மகளின் இரண்டு கையிலும் களிம்பு தடவிப் பழைய பருத்திக் காலுறையை மாட்டிவிட்டாள் லாண்டரியம்மா. புத்தகத்தின் தாளைப் புரட்டக்கூட அவள் திண்டாடினாள். சோற்றைப் பிசைந்து உருட்டி அம்மாவே ஊட்டிவிட்டாள். கல்யாணம் ஆகிப்போகிற வயசில் வாயைத் திறந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று சிரித்தாள். மகளும் சிரித்தாள். அவர்கள் வீட்டில் அந்த இரண்டு வாரமும் சிரிப்புக்குப் பஞ்சம் இல்லை, தூக்கத்துக்குத்தான் பஞ்சம்.

மழை விடவில்லை. காயப்போடுகிற அறையில் ஆவிக் குழாய்கள் இரவும் பகலும் சூடாகிக் கிடந்தும், விரிப்புகள் ஓரத்தில் சில்லென்றே இருந்தன. மூன்று பேர் வேலையை இரண்டு பேர் செய்தார்கள். லாண்டரியம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. மடிப்பின் சட்டை முதல்முறையாகக் கசங்கியதைத் தெருவே பார்த்தது. தொட்டிக்கும் மேசைக்கும் ஓடி ஓடி அவன் ஒரு ஓட்டல் மேசைத் துணியைத் தேய்த்த தேய்ப்பில், குழம்புக் கறையும் போய் அந்த இடத்தில் துணியும் போய்விட்டது. அந்த ஓட்டை வழியாகப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"என் கண்ணுக்குத் தெரியலம்மா. அவ எப்படித்தான் விரலாலேயே பார்க்கறாளோ."

"பரவாயில்ல. ஓட்டல்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்."

மகள் அப்பாவுக்கு உதவ எழுந்தபோதெல்லாம் இரண்டு பேரும் அதட்டி உட்கார வைத்தார்கள். பத்தாம் நாள் வாக்கில் அவள் கட்டைவிரலில் மெல்லிய கோடுகள் தெரிய ஆரம்பித்தன. மடிப்பு விளக்கடியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வருது, வருது" என்றான். புதுத் துணி நெய்து வருவதைப் பார்க்கிற சந்தோஷம் அவன் முகத்தில்.

குறித்த நாளில் மறுபடியும் போனார்கள். முதல்வரின் மேசை மேல் அந்த மெஷின் வைக்கப்பட்டிருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புப் பெட்டி. இதுவா இத்தனை பாடு படுத்தியது என்று லாண்டரியம்மாவுக்குத் தோன்றியது. பக்கத்தில் எழுத்தர் ஒருவர் நின்றார்.

"வைம்மா" என்றார் முதல்வர்.

மகள் விரலை வைத்தாள். பெட்டியில் பச்சை வெளிச்சம் வந்தது. 'நன்றி' என்றது பொம்பளைக் குரல்.

லாண்டரியம்மாவுக்கு மூச்சு வந்தது. புருஷனைப் பார்த்தாள். அவன் கண் கலங்கியிருந்தது. இரண்டு வாரத்து வலியெல்லாம் மணிக்கட்டிலிருந்து இறங்கிப்போன மாதிரி இருந்தது அவளுக்கு.

"இன்னொரு தடவை" என்றார் முதல்வர். மறுபடியும் பச்சை. மறுபடியும் நன்றி.

முதல்வர் தொண்டையைச் செருமினார். "பார்த்தீங்களா? மெஷின் நல்லாத்தான் வேலை செய்யுது. உங்க பொண்ணு விரலை நல்லாவே படிக்குது. அப்ப அந்த நாளெல்லாம் பதியலைன்னா, அவங்க வரலைன்னுதானே அர்த்தம்?"

அவர் சொன்னது என்ன என்று லாண்டரியம்மாவுக்கு உறைக்கவே நேரம் பிடித்தது. இரண்டு வாரம் ராப்பகலாக முதுகு முறிய உழைத்து, மகளுக்குச் சோறு ஊட்டி, களிம்பு தடவி, அவள் வந்ததற்கு இருந்த ஒரே சாட்சியைத் தங்கள் கையாலேயே சுத்தமாக வெளுத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

"சார்" என்றாள் மகள். "ரெண்டு வாரமா நான் வேலை செய்யல. அதனாலதான் படிச்சுது."

"அப்ப வேலை செய்யாம இருந்தா படிக்கும். அதைத்தானே நாங்களும் சொல்றோம். படிக்கிற வயசுல படிப்பைப் பார்க்கணும்."

இந்த இடத்தில் மடிப்பு மேசைக்கு அடியில் காலை மிதித்துப் பார்த்தான். பலிக்கவில்லை. லாண்டரியம்மா எழுந்துவிட்டாள்.

"வேலை செய்யாம இருந்தா இந்தக் காலேஜுக்கு அவளை யார் சார் அனுப்பறது? நீங்களா? உங்க முதுகுக்குப் பின்னாடி கெடக்கே, அந்தத் துண்டு, அதுல இருந்த எண்ணெயை எடுத்துத்தான் அவ விரல் தேஞ்சுது. உங்க விடுதிப் பிள்ளைங்க படுக்கற விரிப்புல இருக்கறதையெல்லாம் எடுத்துத் தேஞ்சுது. அது தேயும்போது வேணும், தேஞ்சப்புறம் வேண்டாமா?"

"சத்தம் போடாதீங்க."

"உங்க காலேஜைக் கூட்டறவங்க விரல் மட்டும் இதுல விழுதா?" அவள் எழுத்தரைப் பார்த்துத் திரும்பினாள். "கேக்கறேன், சொல்லுங்க. வெளிய கூட்டிக்கிட்டிருந்த அம்மா நோட்டுல கையெழுத்துப் போட்டதை வரும்போது பார்த்தேன்."

எழுத்தர் முதல்வரைப் பார்த்தார். "அவங்களுக்கு விழாதுங்க. தோட்டக்காரருக்கும் விழாது. அதான் ஆரம்பத்துலேயே நோட்டு போட்டுட்டோம்."

"அது வேலைக்காரங்களுக்கும்மா" என்றார் முதல்வர், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. "ஸ்டூடன்ட்ஸுக்கு அந்த மாதிரி கை இருக்காது."

லாண்டரியம்மா மகளின் கையைப் பிடித்துத் தூக்கினாள். காட்டலாம் என்று தூக்கியவளுக்கு, அந்தக் கை இப்போது மெத்தென்று களிம்பு வாசனையோடு இருப்பது தெரிந்தது. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அதன்பின் அவள் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். எதுவும் எடுபடவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். அவர் பாவம், "வாங்கக்கா, போயிடலாம்" என்று கெஞ்சி வெளியே கூட்டிவந்தார்.

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடியது. லாண்டரியைத் திறந்து உள்ளே நுழைந்ததும் லாண்டரியம்மா குவிந்துகிடந்த விடுதி மூட்டையை ஓங்கி ஓர் உதை விட்டாள்.

"இதைத் தொடாதீங்க. அப்படியே அழுக்கோட திருப்பி அனுப்புங்க. நாத்தத்துல படுக்கட்டும்."

"அனுப்பினா வேற லாண்டரிக்குப் போடுவாங்க" என்றாள் மகள்.

"போடட்டும்."

"அதனால எனக்கு என்னம்மா ஆகும்?"

லாண்டரியம்மா படியில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்குக் கோபம் வந்தால் அழுகையும் கூட வரும். அது அவளுக்கே பிடிக்காது. "நாமதான் கெடுத்துட்டோம். நாமே உக்காந்து எடுத்துட்டோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மடிப்பு வெகுநேரம் கறை மேசையருகே நின்றுகொண்டிருந்தான். கசங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். பிறகு மருந்துப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மகள் வழக்கமாக வைக்கிற வரிசையில் வைத்தான்.

"பட்டியல் என்னைக்குப் போகுது?"

"வர்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி" என்றாள் மகள்.

"நாள் இருக்கு." அவன் திரும்பி மகளைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்ததைப் பெண்டாட்டிகூட அதுவரை பார்த்ததில்லை. "இத்தனை வருஷத்துல ஒரு துணியைக்கூட நான் கறையோட அனுப்பினதில்ல. இந்தத் தடவை கறையோடயே அனுப்புவோம். வா, உக்காரு."

மகள் கையில் மாட்டுகிற காலுறையை ஓரமாகப் போட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு விடுதி மூட்டையைப் பிரித்தாள். மேலாக இருந்ததை எடுத்தாள், மருந்தைத் தடவினாள், கட்டைவிரலை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். ஆறிவந்த தோலில் மருந்து பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டாள். லாண்டரியம்மாவுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. எழுந்துபோய் அடுப்பை மூட்டித் தேநீர் வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க மகள் காலையும் மாலையும் தேய்த்தாள். கல்லூரிக்கும் போனாள். முதல் இரண்டு நாள் பச்சை வந்தது. மூன்றாம் நாள் நான்கைந்து தடவை வைத்த பிறகு வந்தது. அடுத்த வாரத்து நடுவில் வரவே இல்லை. அன்றைக்கும் வாட்ச்மேன் சொன்னபடி தள்ளி நின்றாள். வீட்டுக்கு வந்து கையைக் காட்டினாள். "ஆயிடுச்சு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பட்டியல் போகிற வெள்ளிக்கிழமைதான் விடுதிக்குத் துணி போடுகிற நாளும். லாண்டரியம்மா மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு மகளோடு போனாள். "விடுதிக்காரம்மாகிட்ட நானே எண்ணிக் கொடுத்துக்கறேன். நீ நேரா வாசலுக்குப் போ" என்றாள். மகள் தலையாட்டினாள். போகிற வழியெல்லாம் அவள் ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி இருந்தாள். வாசல் திறந்ததும் ஓடிப்போய் முதல் ஆளாக நின்றாள்.

லாண்டரியம்மா முதல் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் கேட்டது. 'மீண்டும் விரலை வைக்கவும்.' நிமிர்ந்து பார்த்தாள். இரும்புக் கம்பிக்கு நடுவில் மகள் நின்றுகொண்டிருந்தாள். 'மீண்டும் விரலை வைக்கவும்.' பின்னால் பத்துப் பேர் சேர்ந்தார்கள். பிறகு இருபது, முப்பது. வரிசை படி இறங்கி மழைக்குள் நீண்டது.

"தள்ளி நில்லும்மா" என்றார் வாட்ச்மேன், வழக்கம் போல.

"இல்லண்ணே."

"என்ன இல்ல? மத்தவங்க போகட்டும்."

"மறுபடியும் வெக்கச் சொல்லுதுண்ணே. வெச்சுக்கிட்டிருக்கேன்."

'மீண்டும் விரலை வைக்கவும்.' அவள் விரலை எடுத்துப் பாவாடையில் துடைத்து மறுபடியும் வைத்தாள். அவசரம் இல்லை. துணியில் மருந்து ஊறக் காத்திருக்கிற அதே பொறுமை.

"யாருடி அது முன்னாடி?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். "நாங்கெல்லாம் லேட்டாகணுமா?" "இழுத்து வெளிய விடுங்கண்ணே" என்றான் ஒருவன். கெட்ட வார்த்தையும் ஒன்று வந்தது. லாண்டரியம்மா மூட்டையைப் போட்டுவிட்டு வரிசையை நோக்கி வேகமாக நடந்தாள். சொன்னவன் எவனென்று தெரிந்தால் கன்னத்தில் விடுவதற்குத்தான். மகள் திரும்பி அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம் என்றது அந்தத் தலை. லாண்டரியம்மா நின்றுவிட்டாள். அவள் ஆயுசில் சண்டைக்குப் போகிற வழியில் நின்றது அதுதான் முதல் தடவை.

மணி அடித்தது. வரிசையில் நின்றவர்களிடமிருந்து ஓவென்று ஒரு சத்தம். அத்தனை பேருக்கும் அன்றைய வருகை போய்விட்டது. வகுப்புகளில் பாடம் நடத்தப் போனவர்கள் காலி இருக்கைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் முதல்வரே இறங்கி வந்தார், பின்னால் குடை பிடித்துக்கொண்டு எழுத்தர்.

"என்ன நடக்குது இங்க?"

"இந்தப் பொண்ணுக்கு விழலைங்க சார். நகரவும் மாட்டேங்குது" என்றார் வாட்ச்மேன்.

முதல்வர் மகளை அடையாளம் கண்டுகொண்டார். லாண்டரியம்மாவையும் பார்த்தார். "அன்னைக்கு என் முன்னாடி விழுந்துதே. வேணும்னே பண்றீங்களா? எங்க, இப்ப வை."

மகள் வைத்தாள். சிவப்பு. 'மீண்டும் விரலை வைக்கவும்.'

"அழுத்தி வை."

'மீண்டும் விரலை வைக்கவும்.'

முதல்வர் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார். இத்தனை நாளில் மெஷினைப் பார்த்தாரே ஒழிய, அந்த விரலை அவர் பார்த்தது இப்போதுதான். தோல் உரிந்து, வெடித்து, ஓரத்தில் ரத்தம் கசிந்திருந்தது. கையைச் சட்டென்று விட்டுவிட்டார். மகள் விரலை மறுபடியும் மெஷின்மேல் வைத்துக்கொண்டாள்.

"நனையறோம் சார்" என்று வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். "எங்க அட்டெண்டன்ஸ் என்னாகும்?" அப்பாவை ஃபோனில் கூப்பிட்டு ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

"சரி, சரி. இன்னைக்கு எல்லாரையும் கையால எழுதிக்கோ" என்றார் முதல்வர் எழுத்தரிடம். "முன்னாடியிலிருந்து ஆரம்பி."

எழுத்தர் தாளை எடுத்தார். முதலில் நின்றது மகள். அவள் பெயரை எழுதினார். அடுத்த கட்டத்தில் வந்து பேனா நின்றது.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குங்க சார். கையால எழுதினா அதுல போட்டு நீங்க கையெழுத்துப் போடணும். என்னன்னு போடட்டும்? மெஷின் ரிப்பேர்னு போட்டா நாளைக்குக் கம்பெனிக்காரன் வந்து, நல்லாத்தானே இருக்குன்னு கேப்பான்."

மழை கம்பிமேல் விழுந்து தெறித்தது. வரிசை முழுவதும் முதல்வர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குக் காரணம் தெரியும். எழுதினால் இன்றோடு அது நிற்காது, இதுவரை பதியாமல் போன நாள்களுக்கெல்லாம் அதுவே பதில் ஆகிவிடும் என்பதும் தெரியும்.

"என்ன சார் போட?" என்றார் எழுத்தர் மறுபடியும்.

"இந்த மாணவியின் ரேகையை மெஷின் படிக்கவில்லைன்னு போடுய்யா."

"சத்தமா சொல்லுங்க சார்" என்றாள் லாண்டரியம்மா. "மழையில கேக்கல."

அவர் சொல்லவில்லை. எழுத்தர் எழுதினார். எழுதியதை நீட்டினார். முதல்வர் பேனாவை வாங்கி, கைப்பிடிக் கம்பிமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போடக் குனிந்தார்.

அவர் போட்டு முடித்து, பேனாவை மூடுகிறவரை, மகள் விரலை எடுக்கவில்லை.